நான்தான் என்று சொன்னவள்

தெருவில் கரண்ட் போனால்கூட அவள் ஒரு தடவை தன் மேசையைத் திரும்பிப் பார்ப்பாள், எந்த ஸ்விட்சைத் தட்டிவிட்டோம் என்று. எதிர்வரிசைக் கடைகளிலும் விளக்கு அணைந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் முகம் தெளியும். டீயில் சர்க்கரை இல்லை என்று யாராவது சொன்னால், கடைக்காரரிடம் தான் சரியாகச் சொல்லவில்லை என்பாள். பிரிண்டரில் தாள் சிக்கினால் எழுந்து வந்து, "நான்தான் காலையில தாள் வச்சேன்" என்பாள். தாள் வைத்தது நானாக இருக்கும். அதைச் சொன்னால், "அப்ப நான் வச்சிருக்கணும், உன்னை வைக்க விட்டிருக்கக் கூடாது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அழகாக இருக்கும் என்பதால் நாங்கள் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. விவசாயிகளின் கைபேசிக்கு மழைச் செய்தி அனுப்பும் சிறிய நிறுவனம். குறுவை அறுவடை சமயத்தில்தான் வேலை மும்முரமாக இருக்கும். இன்றைக்கு அறுக்கலாமா, பொறுக்க வேண்டுமா என்று எங்களிடம் பதிந்திருந்த ஒவ்வொரு ஊருக்கும் காலையில் ஒரு வரி போகும். முதலாளியை நாங்கள் சார் என்போம். அவரைத் தவிர பிரபு, அவள், நான் என்று மூன்று பேர். நானும் அவளும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். நான் உள்ளூர்க்காரி. அவள் மன்னார்குடிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். அவள் அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறவர். மழைக்கணக்கு எங்களுக்கு வேலை. அவளுக்கு அது வீட்டுச் சமாச்சாரம்.

கணக்கெல்லாம் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு கறுப்புத் திரை உண்டு. ஒரு வரியை அடித்து என்டர் தட்டினால் அப்போதே செய்துகாட்டிவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். திரையை மூடும்வரை நாம் சொன்னதெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்கும். தனி ஃபைல்களில் எழுதி வைத்திருக்கும் கணக்குகளை இம்போர்ட் என்று ஒரு வரி போட்டு உள்ளே அழைத்துக்கொள்ளலாம். அப்படி அழைக்கப்படும் ஃபைலை மாட்யூல் என்பார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் தன் ஃபைலில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, திரையில் மறுபடி இம்போர்ட் போட்டாள். பழைய விடையே வந்தது. திருத்தியதைத் திரும்பத் திருத்தினாள். விடை மாறவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மத்தியானம் முழுக்கத் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து போய் சாரிடம், "சார், நான் எதையோ கெடுத்துட்டேன். கம்ப்யூட்டர் நான் சொல்றத கேக்க மாட்டேங்குது" என்றாள். பிரபு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ஒரு தடவை உள்ளே வந்த மாட்யூலை அந்தத் திரை மறுபடி திறந்து படிக்காது, இரண்டாம் முறை கேட்டால் கையில் ஏற்கெனவே இருப்பதையே கொடுக்கும், மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும் என்று விளக்கினான். அவளுடைய திருத்தம் முதல் தடவையே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்ப என் மேல தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. அது அப்படித்தான்."

"எனக்கு அது தெரியாம இருந்தது தப்புதானே."

பிரபு என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டமான பஸ்ஸில் யாருடைய தூக்குச்சட்டியோ கவிழ்ந்து ரசம் ஓடியது. யாருடையது என்று கண்டக்டர் சத்தம் போட்டார். இவள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். இவளிடம் தூக்குச்சட்டியே கிடையாது. கண்டக்டர் இவளைத் திட்டிவிட்டு நகர்ந்தார். சட்டிக்குச் சொந்தக்காரப் பெண்மணி வாயே திறக்கவில்லை. நானும்தான். இறங்கிய பிறகு ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, அந்தம்மாவுக்கு வயசாச்சு, கண்டக்டர் திட்டினால் தாங்க மாட்டார்கள் என்றாள்.

வீட்டில் அவள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மாள் கரும்பை வெட்டிக்கொண்டே, "சின்ன வயசுலேருந்து இப்படித்தாம்மா. வீட்ல எது காணாமப் போனாலும், எது ஒடஞ்சாலும், நான்தான்னு வந்து நிப்பா. அடிக்கவும் மனசு வராது, விசாரிக்கவும் முடியாது. நெஜமா ஒடச்சவன் அந்தப் பக்கமா போயிடுவான்" என்றார். அவள் தம்பி வாசலில் நின்று சிரித்தான்.

வேலையில் அவள் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. முந்தைய வருடங்களில் பிரபு எழுதிய ஒரு கணக்கை வைத்துத்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். நேற்றும் முந்தாநாளும் மழை இல்லாவிட்டால் இன்றும் இருக்காது என்று எண்ணிக்கொள்ளும் ஏழைக் கணக்கு அது. அவள் முன்னறிவிப்பு, காற்று, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக ஒன்று எழுதினாள். அதற்கு மழை என்று பெயர் வைத்தாள். பிரபுவும் தன் கணக்குக்கு அதே பெயரைத்தான் வைத்திருந்தான். வேறு என்ன பெயர் வைப்பது? இரண்டும் வேறு வேறு ஃபைல்களில் இருந்ததால் யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. காலையில் கறுப்புத் திரையைத் திறந்ததும் முதலில் பிரபுவின் ஃபைலில் இருப்பதை எல்லாம் மொத்தமாக உள்ளே அழைப்போம். ஊர்ப் பெயர்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் வேலை அதில்தான் இருந்தது. பிறகு அவளுடைய ஃபைலை அதே மாதிரி அழைப்போம். ஒரே பெயரில் இரண்டு வந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும். அதனால் மழை என்று கேட்டால் அவளுடைய கணக்குதான் ஓடும். ஒரு வருடம் அப்படியே நன்றாக ஓடியது. பிரபு சிங்கப்பூர் போய்விட்டான்.

அந்த வருடக் குறுவை அறுவடையில் ஒரு நாள் சாயங்காலம் அவள் தன் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினாள். தேவையில்லாமல் பொறுங்கள் பொறுங்கள் என்றே வருகிறது, அறுவடை மிஷின் கிடைக்கும் நாளைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்று அவள் அப்பாவே சொல்லியிருந்தார். என்னிடம் காட்டிவிட்டுத்தான் மாற்றினாள். மறுநாள் காலையில் ஊர்ப் பெயர்கள் சில எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வந்தன. அது அவ்வப்போது வரும் தொல்லைதான். வழக்கமாக அவள்தான் திரையை மூடித் திறந்து சரிசெய்வாள். அவள் பஸ் தாமதம். சார் என் மேசைக்கு வந்து, எனக்குப் பின்னால் குனிந்து ஏதோ ஒரு வரியை அடித்தார். எழுத்து சரியாகிவிட்டது. நான் கணக்கை ஓட்டினேன். எல்லா ஊருக்கும் அறுக்கலாம் என்று வந்தது. என்டரைத் தட்டினேன். செய்தி போய்விட்டது. வல்லம் பக்கம் வானம் லேசாகக் கறுத்திருந்தது. பார்த்தேன். கணக்கு போட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து கலியபெருமாள் என்பவர். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர். எங்கள் செய்தியைப் பார்த்து மிஷினைக் கூப்பிட்டு அறுத்திருக்கிறார். கொள்முதல் நிலையத்து வாசலில் ரோட்டோரமாகக் கொட்டி வைத்த நெல் அடியோடு நனைந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் பொறுத்தவர்களின் பயிர் கொஞ்சம் சாய்ந்ததோடு சரி. செய்தியை அனுப்பியது யார் என்று அவர் கேட்டார். என்டரைத் தட்டியது நான். தொலைபேசி அவள் கையில் இருந்தது.

"நான்தாங்கய்யா" என்றாள். "முந்தின நாள் நான்தான் கணக்க மாத்துனேன். என் தப்புதான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு, மாற்றிய எண்ணைப் பழையபடி ஆக்கினாள். சாரிடம் போய்ச் சொன்னாள். சார், பரவாயில்லம்மா, இனிமே பாத்துப் பண்ணு என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்குள்ளும் இருந்தது. தப்பு கிடைத்துவிட்டது, சரியும் செய்தாகிவிட்டது. அதற்கு மேல் அந்தக் கணக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த ஊருக்குப் போகிறேன் என்றாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல்லை மெல்லிசாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு புளித்த வாடை அடித்தது. கலியபெருமாளின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நெல்லில் கோடுகோடாக விழுந்தது. இவள் நேராகப் போய்த் தான் யார் என்று சொன்னாள். அந்த அம்மாள் நிற்கவில்லை. கிளறிக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். பிறகு கையளவு நெல்லை அள்ளி இவள் முன்னால் நீட்டினார். முளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

கலியபெருமாள் வந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். போனில் கோபமாகப் பேசியவர் நேரில் எங்களைப் பார்த்ததும் தடுமாறிவிட்டார். ஆபீஸ் என்றால் யாரோ பெரிய ஆட்கள் என்று நினைத்திருப்பார் போல. இரண்டு பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். "வந்தது வந்துட்டீங்க, மோர் குடிங்க" என்றார். அவள் மோர் குடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாளுக்குப் பக்கத்து வரிசையில் இறங்கி நெல்லைக் கிளறத் தொடங்கினாள். பழகிய கால். கோடு வளையாமல் போனது. நான் மரத்தடியில் மோர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறும் போனாள். நெல் காய்ந்து, கிடைத்த விலைக்குத் தனியாரிடம் போன பிறகும் போனாள். அடுத்த போகமான தாளடி நடவு சமயத்தில் போனாள். களை எடுக்கப் போனாள். தன் வீட்டு வயலில்கூட அவள் அத்தனை நாள் இறங்கியதில்லை என்று அவள் அம்மா என்னிடம் போனில் வருத்தப்பட்டார். அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் அவள் அதையே சொன்னாள்: இவர் நெல் நனைந்தது என்னால்தான், நான் அனுப்பிய மெசேஜை நம்பித்தான் அறுத்தார். டீக்கடையில் சொன்னாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். என்னிடம் திங்கட்கிழமைகளில் வயலைப் பற்றி மட்டுமே பேசினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. மெலிந்துபோனாள். நீ செய்ததற்கு இது போதும், விட்டுவிடு என்று நான் சொல்வேன். நீ செய்ததற்கு என்று எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தபோது கலியபெருமாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அந்தப் பாப்பாவ வர வேணாம்னு நீங்கதாம்மா சொல்லணும். நான் போனைப் பாத்து அறுத்தேன்னு ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மிஷின் கெடச்சிச்சு அறுத்தேன்னுதான் சொல்லியிருந்தேன். பாப்பா எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. இப்ப வானம் இருட்டுனா, என்ன பெரியப்பா, போன் என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சிரிக்கிறானுவ. எனக்கு நெல்லு போனதுகூட மறந்துபோச்சு. இது மறக்க மாட்டேங்குது. அதுகிட்ட சொன்னா அதுக்கும் தன் தப்புன்னு நிக்கும். எனக்குச் சொல்ல வாய் வரல."

பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. செய்தி அனுப்பும் வேலையை விட்டுத் தன்னை மாற்றிவிடச் சொல்லி சாரிடம் கேட்டாள். சந்தாக்காரர்களின் போன் எண்களைச் சரிபார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தாள். மழைக்கணக்கு ஓடும் திரையின் பக்கம் வரவே மாட்டாள். பிறகு கல்யாணம் நிச்சயமாகி, தரங்கம்பாடிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கடைசி நாளன்று எங்களுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தாள். அது கொஞ்சம் கெட்டியாக இருந்தது. நாங்கள் கடிக்கக் கஷ்டப்பட்டதைப் பார்த்து, நான் கடையில அமுக்கிப் பாத்திருக்கணும் என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த குறுவை வந்தது. ஒரு நாள் காலையில் மறுபடி எழுத்து உடைந்தது. சார் முந்தைய தடவை போலவே என் பின்னால் குனிந்து ஒரு வரியை அடித்தார். எழுத்து சரியானது. கணக்கை ஓட்டினேன். எல்லா ஊருக்கும் அறுக்கலாம் என்று வந்தது. பலத்த மழை வரும் என்று முன்னறிவிப்பில் இருந்த நாள் அது. இந்தத் தடவை கை என்டருக்குப் போகவில்லை. ஓர் ஊரை மட்டும் எடுத்து, அவளுடைய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் போட்டுப் பார்த்தேன். பொறுங்கள் என்று வர வேண்டும். மறுபடி போட்டேன். பொறுங்கள்தான். அவள் எண்ணை மாற்றி, திரும்பப் பழையபடி ஆக்கி ஒரு வருடம் ஆகிறது. பிழை எங்கிருந்து வருகிறது?

அந்தக் கறுப்புத் திரையிடம் ஒரு பெயரைச் சொல்லி, இது எந்த மாட்யூலிலிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒரு வரிதான். மழை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிரபுவின் ஃபைலின் பெயரைச் சொன்னது.

பிறகு சாரிடம் போய், இப்போது என்ன அடித்தீர்கள் என்று கேட்டேன். பிரபுவின் ஃபைலில் இருப்பதை எல்லாம் மறுபடி உள்ளே அழைக்கும் வரி. எழுத்து உடைந்தால் இதை அடியுங்கள் என்று பிரபு சொல்லிவிட்டுப் போயிருந்தானாம். எழுத்தை மாற்றும் வேலையோடு அவனுடைய பழைய மழையும் சேர்ந்து உள்ளே வந்து, அவளுடைய மழையை மூடிக்கொண்டுவிட்டது. மூடுகிறேன் என்று அந்தத் திரை ஒரு வார்த்தை சொல்லாது.

"போன வருஷம் அன்னிக்கும் இதத்தான் அடிச்சீங்களா சார்?"

அவர் யோசித்தார். "அன்னிக்கும் எழுத்து ஒடஞ்சுதுல்ல. ஆமா, அடிச்சேன்" என்றார். சொன்ன பிறகுதான் நான் எதற்குக் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அன்றைக்கு ஓடியது அவளுடைய கணக்கே இல்லை. அவள் மாற்றிய எண் அன்று கணக்கில் வரவே இல்லை. அந்த எண்ணை அப்படியே வைத்து அன்றைய தேதிக்குப் போட்டுப் பார்த்தேன். கலியபெருமாளின் ஊருக்குப் பொறுங்கள் என்று வந்தது.

இந்தத் தடவை செய்தி சரியாகப் போனது. பிரபுவின் பழைய கணக்கை அழித்தோம். மொத்தமாக அழைக்கும் பழக்கத்தையே விட்டோம். சிங்கப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னபோது பிரபு முதலில் நம்பவில்லை. பிறகு, அவள் எண்ணை மாற்றியதால்தான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னோம்.

அவளிடம் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அறுவடை முடிந்ததும் மாயவரத்தில் பஸ் மாறித் தரங்கம்பாடிக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மீன் வாங்கி வைத்திருப்பேனே என்றாள். கோட்டைக்கு முன்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். காற்று பலமாக இருந்ததால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அந்த விஷயத்தை உரக்கச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

நல்ல செய்தி என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு மாதிரி பெருமைகூட இருந்தது. அவள் முழுவதும் கேட்டாள். இடையில் ஒரு கேள்விதான் கேட்டாள், என் ஃபைலுக்கு அப்புறமா அவன் ஃபைல் உள்ளே வந்துச்சா என்று. ஆமாம் என்றேன். அவளுக்கு அவ்வளவு போதும். எல்லாம் புரிந்துவிட்டது. அதே பெயரை வைத்தது என் தப்புதான் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அதைக் கண்டுபிடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு காலைப்பொழுது."

"ஒரு காலைப்பொழுது" என்றாள். "நான் அந்த வருஷம் பூரா தூங்கலடி. அந்த மனுஷன் கோயிலுக்குப் போறதக்கூட நிறுத்திட்டாரு, ஊர்ல கேலி பண்றாங்கன்னு. நீங்க யாராவது ஒருத்தர் அன்னிக்கே அந்த ஒரு வரியக் கேட்டிருந்தா?"

"நீதானே உன் தப்புன்னு சொன்ன" என்றேன்.

"நான் சொல்லுவேன். எப்பவும்தான் சொல்லுவேன். உனக்குத் தெரியாதா என்னை? பஸ்ல கொட்டுன ரசத்துக்கே நான் சொன்னவ. நான் சொன்னா நீ ஒத்துக்கிடுவியா? நீ என்டர் தட்டுன. சார் என்னமோ அடிச்சாரு. அவன் பழசை அழிக்காமப் போனான். மூணு பேரும் வாயத் தொறக்கல. நான்தான்னு ஒருத்தி சொன்னதும் உங்களுக்கு வசதியாப் போச்சு."

அவள் அழவில்லை. சத்தமும் போடவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு என்றாள். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துக்கும் பதில் வரவில்லை. அவள் கோபப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட வேண்டிய கோபத்தை என் மேல்தான் பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்க்கிறேன்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கலியபெருமாளைக் கூப்பிட்டேன். வயலில் இருந்தார் போல, எஞ்சின் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போய் வந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பாப்பா நல்லா இருக்கா என்றுதான் முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவள் கணக்கு தப்பே இல்லை, அது அன்றைக்கு ஓடவே இல்லை, வேறு ஒரு பழைய கணக்கு அதே பெயரில் உள்ளே வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் எளிமையாகச் சொன்னேன்.

"அப்ப யாரு தப்பும்மா அது?"

"ஒருத்தர் தப்புன்னு சொல்ல முடியாதுங்கய்யா. எங்க எல்லார் மேலயும் இருக்கு. ஆபீஸ்ல நாங்க எல்லாரும்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"எல்லாரும்னு சொல்றீங்க" என்றார். "அந்தப் பாப்பா மட்டும்தானேம்மா வந்துச்சு."